முப்பது-நாட்-சிக்ஸும் என் வலது தோளும்

மானைப் பார்த்துச் சீதைக்கு வந்தது ஆசை. எனக்கு வந்தது ஆத்திரம். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கிக்கு மேற்கே குடியிருக்கிறேன். வருஷத்தில் பாதி பனியில் போய்விடும் ஊர். மிச்சப் பாதியில் கிடைக்கிற வெயிலை நம்பிக் கொல்லையில் அவரை போடுவது என் வழக்கம். பந்தல் கட்டி, காசு கொடுத்து வாங்கிய மாட்டெரு போட்டு, கொடி மேலேறி மொக்கு விடும் நேரம் பார்த்து வெள்ளைவால் மான்கள் குடும்ப சமேதராக வந்து பந்தியில் உட்காரும். தின்னட்டும். தின்று முடித்த பிறகு, சமையலறை ஜன்னலில் லுங்கியோடு நிற்கும் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு காதை மட்டும் ஆட்டும் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ராமர் மான் பின்னால் போனார் என்றால் அவருக்கென்ன, கையில் வில். எய்தவன் தோளை வில் திருப்பி உதைக்காது. எனக்கு வாய்த்தது ரைஃபிள்.

யோசனை பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டார். “நவம்பரில் எங்களோடு வடக்கே வாருங்கள்” என்றார். இங்கே நன்றி நவிலும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி 9 நாள் துப்பாக்கி மான்வேட்டைக் காலம். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு, பளீரென்ற ஆரஞ்சுச் சட்டையில் காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த வாரம் ஆபீஸில் மீட்டிங் வைத்தால் நாற்காலிகள்தான் வரும். வந்த ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொல்லவில்லையா?

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் கடுகு தாளிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: “அவரைக்காயைத் தின்னது இங்க இருக்கிற மான். நீங்க சுடப் போறது நாலு மணி நேரம் தள்ளி இருக்கிற மானை. அது உங்களை என்னங்க பண்ணுச்சு?”

நியாயமான கேள்விதான். ஊருக்குள் வெடிக்கக் கூடாது என்று நகராட்சி விதி போட்டிருக்கிறதே, அதற்கு நான் என்ன செய்ய? அக்கரை மான்தான் அகப்படும் என்றால் அக்கரைக்குத்தானே போக வேண்டும்.

இந்த மாநிலத்தில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் உரிமம் கிடைக்கும். நான் கொஞ்சம் தாமதித்துப் பிறந்துவிட்டேன். போய் உட்கார்ந்தால் சுற்றிலும் பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகள். துணைக்கு வருகிறேன் என்று வந்த என் மகளுக்கு வயது 13. பரீட்சையில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள். வாத்தியார் கை குலுக்கி, “அப்பாவைப் பார்த்துக்கொள்” என்று அவளிடம் சொன்னார். சட்டப்படி நான்தான் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வயதுக்குக் காட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

துப்பாக்கி வாங்கும் படலம் வந்தது. பெரியவர் சொன்ன யோசனை, .243 வின்செஸ்டர். “உதை குறைவு. மானுக்குப் போதும்” என்றார். கடையில் அந்த வரிசைக்குத்தான் முதலில் போனேன். அங்கே ஒரு பத்து வயதுப் பொடியன் தாத்தாவோடு நின்று .243 ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து நட்பாகச் சிரித்தான், நாமெல்லாம் ஒரே செட்டு என்பது மாதிரி. நான் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டேன்.

அடுத்த வரிசையில் இருந்தது முப்பது-நாட்-சிக்ஸ். சொல்லும்போதே மீசை முளைக்கிற பெயர். முப்பது என்பது குழலின் உள்விட்டம், ஓர் அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு. சிக்ஸ் என்பது 1906, அமெரிக்க ராணுவம் இந்தத் தோட்டாவை ஏற்றுக்கொண்ட வருஷம். இரண்டு உலகப் போர் பார்த்தது. என் அவரைப் பந்தலைக் காக்காதா? நாள் முழுக்கச் சுமக்க வேண்டுமே என்று அதிலும் எடை குறைந்ததாகப் பொறுக்கினேன். ஸ்கோப்போடு சேர்த்தே ஆறரைப் பவுண்டு. கடைக்காரர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கூரையைப் பார்த்தார்.

நான் இயந்திரவியல் படித்தவன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் கணக்கு தெரியாமல் வாங்கினேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 180 கிரெய்ன் குண்டு ஒன்று பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது வினாடிக்கு 800 மீட்டருக்கு மேலான வேகத்தில் முன்னால் போகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, எரிந்த மருந்தின் வாயு அதைவிட வேகமாகப் போகிறது. இரண்டும் முன்னால் எடுத்துப் போகிற உந்தம் அத்தனையையும் துப்பாக்கி பின்னால் எடுத்து வந்தாக வேண்டும். பின்னால் இருப்பது தோள். 8 பவுண்டு துப்பாக்கி என்றால் உதை சுமார் 20 அடி-பவுண்டு. ஆறரைப் பவுண்டு என்றால் அதே தோட்டா 25-ஐ எட்டிவிடும். பெரியவர் சொன்ன .243-க்குப் பத்துக்குள் அடங்கிவிடும். பதினைந்தைத் தாண்டினாலே பெரும்பாலானவர்களுக்குச் சங்கடம் தொடங்கும் என்பது சுடுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எடை குறைந்தால் உதை கூடும் என்று மகளின் வீட்டுப்பாடத்தில் படம் போட்டு விளக்கியவன் நான்தான். கடையில் நியூட்டன் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பொடியனின் சிரிப்புதான் நினைவில் இருந்தது.

அக்டோபரில் சுடுமைதானத்துக்குப் போனோம். நூறு கஜத்தில் காகித இலக்கு. மேஜை மேல் மணல் மூட்டை, மூட்டை மேல் துப்பாக்கி, துப்பாக்கிக்குப் பின்னால் நான். உட்கார்ந்து சுடுவது சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நின்று சுட்டால் உதைக்கு ஈடுகொடுத்து உடம்பு பின்னால் ஆடும். வேகம் அதில் கரைந்துவிடும். மேஜையில் குனிந்து மாட்டிக்கொண்டவனுக்கு ஆட இடமில்லை. மொத்தமும் தோளுக்கே வந்து சேரும்.

“அடிக்கட்டையைத் தோள்குழியில் வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள்” என்றார் பெரியவர். உதைக்கப் போகிற ஒன்றை எவனாவது இழுத்து அணைத்துக்கொள்வானா? பட்டும் படாமலும் பிடித்தேன். கட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி, மரியாதைக்கு. அந்த இடைவெளியில் துப்பாக்கிக்கு ஓடிவரத் தோதாகப் போயிற்று. போதாக்குறைக்குக் கட்டையின் நீளம் இந்த ஊர்க்காரர்களின் கைக்கு ஏற்ப அளவெடுத்தது. ஐந்தடி ஐந்தங்குலக்காரனுக்கு அது குழியில் உட்காராமல் புஜத்தின் ஓரத்துக்கு வழுக்கிவிடும். மேலே கனமான கோட்டு வேறு. சத்தம் முதலில் வந்ததா, அடி முதலில் விழுந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது குழல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிக்குப் பயந்து கழுத்தை நீட்டினால் கண் ஸ்கோப்புக்கு நெருங்கிவிடும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை, நான்கு அங்குலம் இடம் இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்தில் அழகாக ஒரு பிறை போட்டுவிட்டுப் போயிற்று. இங்கே இது வேட்டைக்காரர்களுக்குள் பரம்பரை அடையாளம். பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஒருவர் என் புருவத்தைப் பார்த்துவிட்டு, “எந்தத் தோட்டா?” என்று விசாரித்தார். என் சம்சாரம் பிளாஸ்திரி ஒட்டியபடி, “பரமசிவனுக்குத் தலையில, உங்களுக்குப் புருவத்துல” என்றாள்.

தோளை மட்டும் அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன். தீபாவளி வந்து கெடுத்தது. விடியற்காலையில் எண்ணெய் வைக்க வந்தவள், சட்டையைக் கழற்றியதும் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள். நடுவில் கருநீலம், அதைச் சுற்றி ஊதா, ஓரத்தில் மஞ்சள் பூத்துக்கொண்டிருந்தது. “இந்தக் கலர்ல ஒரு புடவை கேட்டு எத்தனை வருஷமாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு, தென்னமரக்குடி எண்ணெயைத் தேடிப் போனாள்.

நிறம் மாறிப் போய்விடும். அதைவிடப் பெரிய வியாதி உள்ளே இறங்கியிருந்தது. என் குண்டுகள் இலக்கின் நடுவைத் தவிர மற்ற இடங்களுக்கெல்லாம் போயின. முக்கால்வாசி கீழே. ஸ்கோப் கோணல் என்றேன். காற்று என்றேன். தோட்டா பழசு என்றேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டுத் திருப்பித் தந்தார்.

குறி பார்த்தேன். விசையை இழுத்தேன். ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை, அவர் போட்டிருந்தது மருந்தில்லாத பொய்த் தோட்டா. வெடிக்காத அந்தத் துப்பாக்கிக்கு நான் செய்தது என்னவென்றால், இரண்டு கண்ணையும் இறுக மூடினேன்; தோளை முன்னால் தள்ளினேன்; குழலை நாலு விரற்கடை கீழே அமுக்கினேன்; “ஐயோ” என்றும் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். சின்ன வயதில் லட்சுமி வெடிக்கு ஊதுபத்தியை நீட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பற்றாத திரியை விட்டு ஓடுவோமே, அதேதான்.

“அது உங்களை உதைக்கவில்லை. நீங்கள்தான் அதை உதைத்தீர்கள்” என்றார் பெரியவர்.

வீட்டுக்கு வந்து ரோஷத்தோடு கணக்குப் போட்டேன். மருந்து பற்றிய பிறகு குண்டு குழலை விட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியை ஒட்டித்தான் ஆகிறது. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். தோளுக்கு அடி உறைக்கும்போது குண்டு போய்க்கொண்டே இருக்கிறது. அதன் பாதையில் உதைக்கு இனி ஒரு வேலையும் இல்லை. ஆகவே குறியைக் கெடுத்தது உதை இல்லை, உதை வரப்போகிறதே என்று முன்கூட்டியே பட்ட வலி. கடன்காரன் வரும் தேதிக்கு முந்தின வாரமே ஒளிந்துகொள்கிற குடும்பஸ்தன் உடம்பு இது. என்ன செய்ய?

குடும்பஸ்தன் எதற்கும் முதலில் கடைக்குத்தான் போவான். கட்டைக்கு ஒரு ரப்பர் மெத்தை வாங்கினேன், உண்மையிலேயே பயன்பட்டது. அடி குறையாவிட்டாலும் இழுபட்டு மெதுவாக வந்தது. சட்டைக்குள் மாட்டும் தோள்கவசம் வாங்கினேன், அதுவும் சரி. குழல் முனையில் துளைகள் போட்ட பிரேக் ஒன்றையும் கம்மியர் மூலம் பொருத்தினேன். வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு உதையைக் கணிசமாகக் குறைக்கிற சாமர்த்தியமான சாமான். திருப்பிவிட்ட வாயு எங்கே போகும்? பக்கத்து மேஜைக்குப் போகும். நான் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் ஆட்கள் மரியாதையாக எழுந்து தள்ளிப் போனார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பாட்டி தன் காதைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னபோதுதான் காரணம் புரிந்தது.

அங்கேதான் உருப்படியான விஷயம் ஒன்று தெரிந்தது. ரைஃபிள் சத்தம் 160 டெசிபலைத் தொடும். 140-ஐத் தாண்டினால் ஒரே வெடியில் காது கெட்டுப்போகலாம். பெரியவர் காதுக்குள் நுரை அடைப்பான் வைத்து, அதற்கு மேல் காதுமூடியையும் மாட்டிவிட்டார். பிரேக்கைக் கழற்றச் சொன்னார். வினோதம் என்னவென்றால், சத்தம் அடங்கியதும் உதையும் பாதியாகிவிட்டது மாதிரி இருந்தது. தோள் பயந்தது என்று இத்தனை நாள் நினைத்தேன், பயந்தது காது.

அதற்குப் பிறகு அவர் சொன்ன வைத்தியம் காசு கேட்காதது. பெரிய துப்பாக்கியை மூடி வைத்துவிட்டு, உதை என்றே சொல்ல முடியாத .22-ல் சுடச் சொன்னார். முப்பது-நாட்-சிக்ஸில் உட்கார்ந்தால் நாலைந்து குண்டோடு எழுந்துவிடச் சொன்னார். வலிக்க வலிக்கச் சுட்டால் பயம்தான் நன்றாகப் பழகும். மற்ற நாட்களில் வீட்டில் வெறும் துப்பாக்கி. காலியா என்று மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுக்க வேண்டும். நாணயம் விழக் கூடாது.

எங்கள் ஹாலில் ராத்திரி எட்டு மணிக்கு இது நடக்கும். ஒரு ரூபாய் நாணயம் விழும், சோபாவுக்கு அடியில் உருளும், நான் முட்டி போட்டுத் தேடுவேன். சமையலறையில் தட்டு விழுந்தால் நாணயமும் விழும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன என் சம்சாரம் ஒருநாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “கொடுங்க இப்படி” என்று வாங்கினாள். இழுத்தாள். டிக். நாணயத்தில் சிங்கம்கூட அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அசையவில்லை. “இதுக்கா ரெண்டு வாரமா தரையில தவழ்ந்தீங்க?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ரசத்தை இறக்கப் போய்விட்டாள். உதையே வாங்காதவளுக்கு அசைய என்ன இருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

ஆறுதலுக்காகச் சரித்திரம் படித்தேன். சாமுவேல் பேக்கரை இலங்கைக்காரர்களுக்குத் தெரியும். நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடியவர், ஹோர்ட்டன் சமவெளியில் அருவியே அவர் பெயரில் இருக்கிறது. அந்த மனிதர் பிற்பாடு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போன துப்பாக்கி ஒன்று அரைப் பவுண்டுக் குண்டு சுடும். பெயர் ‘பேபி’. சுட்டால் ஆளையே சுழற்றிவிடும் என்றும், அதிகம் சுடவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், கரமோஜோ பெல். ஆயிரம் யானைக்கு மேல் கொன்றவர். பிள்ளையார் எப்படி மன்னித்தாரோ. அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் என்ற மெல்லிய தோட்டாவில். உதை குறைவு, குண்டு குறி வைத்த இடத்துக்குப் போகும், அவ்வளவுதான் அவர் ரகசியம். யானைக்கே அது போதுமென்றால் என் அவரைக்காய்த் திருடனுக்கு எது வேண்டியிருந்தது? நம் பக்கத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரோடு அலைந்த கதைகளைப் பையனாக வாய் பிளந்து படித்தவன்தான் நான். புலி என்ன ஆயிற்று என்று பார்த்தேனே தவிர, அவர் தோள் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. இந்தியாவில் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மிருகங்களுக்கு நல்லது. என்னைப் போன்றவர்களின் தோள்களுக்கும்.

நவம்பரில் வடக்கே போனோம். மகளிடம் பெரியவர் இரவல் கொடுத்த .243. நாங்கள் இருவரும் ஆரஞ்சு மூட்டைகளாக, மூக்கு மட்டும் தெரிய, ஒரு மறைவில் உட்கார்ந்திருந்தோம். காலையில் ஒரு கொம்பு மான் வந்து பக்கவாட்டில் நின்றது. மகள் மூச்சை விட்டாள், பாதியில் நிறுத்தினாள், சுட்டாள். விழுந்தது. நான் பதறிப்போய், “ரொம்ப உதைச்சுதாம்மா?” என்றேன். “என்ன உதை?” என்றாள். மானைப் பார்த்த நேரத்தில் உடம்பு உதையைக் கணக்கில் எடுக்காது என்று பெரியவர் சொல்லியிருந்தது சரிதான்.

எனக்கும் மதியம் ஒரு வாய்ப்பு வந்தது. கட்டையைத் தோள்குழியில் அழுத்தி, கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சுட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உதை தெரியவே இல்லை. மானுக்கும் ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு நடந்து போயிற்று. விதிப்படி போய்த் தேடினோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பெரியவர் என் முதுகில் தட்டி, “கண்ணை மூடவில்லை, கவனித்தேன்” என்றார். அவரிடமிருந்து இது பெரிய வார்த்தை.

மகள் சுட்ட மானில் பிரியாணி ஆயிற்று. கொழுப்பு குறைந்த இறைச்சி, நெய் கூடவே கேட்கும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: மானுக்கு .243-ஓ, 6.5 கிரீட்மூரோ தாராளமாகப் போதும்; கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று கோட்டு போட்டுக்கொண்டே பாருங்கள்; தோட்டா வாங்குமுன் காதுக்கு வாங்குங்கள். இல்லை, ஆறரைப் பவுண்டில் முப்பது-நாட்-சிக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் யாராவது விஸ்கான்சினில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, அதிகம் சுடாதது. தோள்கவசம் இலவசம்.